தொண்ணூறு ஆயில் ஊற்றியது நான்தான்

தம்பி,

இன்று காலை உன் வெள்ளைக் காரின் பின் கிளட்ச் பெட்டியிலிருந்து எண்ணெயை வடித்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, பட்டறை வாசல் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஒரு மாதம் மலையும் சாலையுமாக ஓட்டிய எண்ணெய். டம்ளருக்கு அந்தப் பக்கம் நின்ற உன் அம்மாவின் மூக்குத்தி தெளிவாகத் தெரிந்தது. கருகல் இல்லை, தூள் இல்லை, தீய்ந்த வாடை இல்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கமா என்று கேட்டுக்கொண்டே அவள் தண்ணீர் எடுக்க ஓடினாள். மயக்கம் எதுவும் இல்லை. ஒன்றரை வருஷமாக மூச்சை அரைகுறையாக விட்டுக்கொண்டிருந்தவன் முழுசாக ஒருமுறை விட்டேன், அவ்வளவுதான். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காகிதத்தை எடுத்தேன். ஆறினால் எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யப் போவதில்லை. நான் எழுதியதை உன் பெண்டாட்டி தட்டச்சு செய்து, நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறாள். உன் நிச்சயத்தன்று பந்தியில் இதே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை காருக்குப் போட்ட கணக்கை நம்பிப் புறப்பட்டால் பாதி வழியில்தான் நிற்க வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பெண் வீட்டார் மரியாதைக்குச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கூட்டத்தில் சொன்னதைத் தனியறையில் திரும்ப எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அதனால் குழுவில் இருப்பவர்களும் கடைசி வரை படியுங்கள். பாதியில் கும்பிடு படம் போட்டுவிட்டு நழுவ வேண்டாம்.

தப்பைச் சொல்வதற்கு முன் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. சேலம் சாலையில் யாரோ கழித்துப்போட்ட லாரி கியர்பாக்ஸ் ஒன்றை நானே பிரித்து நானே சேர்த்தேன். இரண்டு முறை மூடியபின் கையில் சாமான் மிச்சம் நின்றது. மூன்றாம் முறை மிச்சமில்லாமல் மூடினேன். அன்று முதல் நான் மெக்கானிக். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தொப்பூர் கணவாயில் பழுதாகி நின்ற லாரிகளில் நான் அடியில் படுக்காதவை குறைவு. அப்படிப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ பெங்களூரில் அந்தக் காரை வாங்கினாய். வாங்கிய பிறகு கொண்டுவந்து காட்டினாய். கேட்பதும் காட்டுவதும் ஒன்றல்ல. உன்கூட வந்த ஓசூர் சிநேகிதன் காரை நான் சுற்றிப் பார்ப்பதற்குள், "லாரி வேல வேறங்க மாமா, இது வேற" என்றான். அவன் சொன்னது சரி என்று இப்போது தெரியும். ஆனாலும் அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் நான் விட்டுத்தரப் போவதில்லை.

நீ வாங்கியது நான்கு சக்கரமும் இழுக்கிற கார். எஞ்சின் முன்னால். அங்கிருந்து ஒரு நீள ஷாஃப்ட் அடிவழியாகப் பின்னால் போகிறது. பின் அச்சுக்கு முன்னால் ஒரு கிளட்ச் பெட்டி. அதற்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள், எண்ணெயில் ஊறிக் கிடக்கும். பின் சக்கரத்துக்கு எவ்வளவு இழுப்பு போக வேண்டுமோ அவ்வளவுக்குத் தட்டுகள் இறுகும், வேண்டாதபோது விடும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு சுற்றாது. அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்வதும் அந்தப் பெட்டிதான். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நீ சொன்னபோது காதில் வாங்கவில்லை. நீ பெரிய டர்போ வைத்தாய், எஞ்சின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதினாய், முன் கிளட்சைக் கனமானதாகப் போட்டாய். "மொத ரெண்டு கியர்ல பவரக் கம்மி பண்ணி வெச்சிருக்கேங்கப்பா. அடியில எதுவும் ஒடையாது" என்றாய். எந்தச் சாமான் எவ்வளவு முறுக்குத் தாங்கும் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாய். அந்த நோட்டை நம்பித்தான் நீயும் ஓசூர்க்காரனும் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே ஓசூரில் ஒரு பட்டறை போடுவதாக இருந்தீர்கள். இடம்கூடப் பார்த்திருந்தீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு மறுபடி எண்ணெய்க்குள் இறங்குவதற்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்ற கோபம். அந்தக் கோபத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிறகு வந்ததற்கெல்லாம் அதுதான் வழி விட்டது.

நம் வீட்டு ஆயுத பூஜை உனக்குத் தெரியும். பூசணிக்காயும் பொரியும் எல்லா வீட்டிலும் உண்டு. நம் வீட்டில் அதற்கு முன்னால் எல்லா வண்டிக்கும் என் கையால் எண்ணெய் மாற்ற வேண்டும். பழைய எண்ணெயோடு நிற்கிற வண்டிக்கு நான் பொட்டு வைத்ததில்லை. உன் அம்மாவின் ஸ்கூட்டிக்கும் அதே சட்டம்தான். போன பூஜைக்கு முந்தைய பூஜைக்கு நீ கார் எடுத்துக்கொண்டு வந்தாய். "இதுக்கு மட்டும் வேண்டாங்கப்பா, நான் பெங்களூர்லயே மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாழைக்கன்று வெட்டி வர ஸ்கூட்டியில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போனாய். பட்டறைக் குழிமேல் உன் கார் நின்றது. சாந்தும் குங்குமமும் குழைத்தாயிற்று. மற்ற வண்டிகளுக்கெல்லாம் செய்துவிட்டு மகன் வண்டியை அப்படியே விடுவதா என்று குழிக்குள் இறங்கினேன். பின் பெட்டித் திருகைக் கழற்றினால், வந்தது தண்ணீர் மாதிரி இருந்தது. விரலில் தேய்த்தேன், நிற்கவில்லை. இதைக் கொடுத்தவன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்று எனக்குக் கோபம் வந்தது, சத்தியமாக வந்தது. இரும்பும் இரும்பும் உரசுகிற இடத்தில் தேன் மாதிரி இழுக்கிற எண்ணெய் இருக்க வேண்டும் என்பது என் நாற்பது வருஷப் பாடம். லாரியின் பின் அச்சு ஹவுசிங்குக்கு ஊற்றுகிற கெட்டியான தொண்ணூறு ஆயிலை எடுத்து, பெட்டி நிரம்பி வழிகிறவரை ஊற்றி மூடினேன். உன் அம்மா மேலே நின்று, "பையன் வேண்டான்னு சொன்னான்ல? கேட்டுட்டுச் செய்ங்க" என்றாள். வண்டிக்கு அடியில் ஆயுசைக் கழித்தவன் யாரைக் கேட்க வேண்டும் என்று அவள்மேல் பாய்ந்தேன், அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீ வந்து பொட்டு வைத்தாய், நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினாய். நான் சொல்லவில்லை. ஊருக்குப் போனபின் வண்டி மிருதுவாக ஓடுகிறது என்று நீயே சொல்வாய், அப்போது சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நீ சொன்னது வேறு. இரண்டு வாரத்தில் போன் செய்து, நிறுத்தும் இடத்தில் முழுசாக ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி உதறுகிறது என்றாய். தட்டுகள் அந்தக் கெட்டி எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட மறுத்ததுதான் அது. எனக்கு அப்போது தெரியாது, ஆனால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எண்ணெய் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். பவரை ஏற்றினால் அப்படித்தான் உதறும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அதற்கடுத்த மாதம் சேலத்தில் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போகிற வழியில் தொப்பூர் இறக்கத்தில் அது உடைந்தது. ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி முறுக்கி, ஷாஃப்ட்டின் நடு ஜாயிண்ட் விட்டுப்போய், ஷாஃப்ட் தொங்கி அடித்தகட்டைக் கிழித்திருக்கிறது. உன் பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர். நீ பதறாமல் இடது ஓரம் ஒதுக்கியதையும், அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே உன் கண்ணாடியை உரசிப் போனதையும் பக்கத்து டீக்கடைக்காரர் எனக்குக் கையை வைத்து அளந்து காட்டினார். அந்த இறக்கத்தில் என்னென்ன பார்த்திருக்கிறேன் என்று உனக்குச் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம், அவற்றில் பலவற்றை அள்ளி எடுத்தவர்களில் நானும் ஒருவன். போன் வந்து நான் ஓடி வந்தபோது நீ தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாய், சட்டை முழுக்க கிரீஸ். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. அதை உனக்குக் காட்டக்கூடாது என்று, "நான் அப்பவே சொன்னனா இல்லையாடா?" என்று கத்தினேன்.

மறுநாள் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது பெட்டியைப் பிரித்தேன். தட்டுகள் கருகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. அதிலிருந்து வந்தது என் தொண்ணூறு ஆயிலின் வாடை. தீய்ந்தாலும் அந்த வாடை எனக்குத் தெரியும். உடைந்த ஜாயிண்ட்டையும் பார்த்தேன். அதிக பவரில் ஒரே வெட்டாக முறிந்த இரும்பு, முறிந்த இடம் முழுக்கப் பளிச்சென்று இருக்கும். இது பாதி கறுத்திருந்தது. நாள்பட்ட விரிசல். வாரக்கணக்காக முறுக்கப்பட்டுச் செத்த இரும்பு. எல்லாம் புரிந்தது. பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. பிரித்த சாமானை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் அடுக்கி வைப்பது என் பழக்கம். அன்றும் கழுவினேன். ஆனால் அன்று பழக்கத்துக்காகக் கழுவவில்லை. நீ எழுந்து வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று வேகமாகக் கழுவினேன்.

நீ எழுந்து வந்து, ஓசூர்க்காரனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொன்னாய். நான் பக்கத்தில் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் விவரமானவன். சரியான கேள்வியைத்தான் கேட்டான்.

"அந்தப் பொட்டியில யாராச்சும் வேற ஆயில ஊத்திட்டாங்களாடா?"

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கப்பாவுக்குத் தெரியாம அதுல யார்ரா கை வெக்கப் போறாங்க? இல்லடா. என் கணக்குதான் தப்பு."

ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெட்கம் பாதி. நீ இனிமேல் ஓசூர்ப் பேச்சை விட்டுவிடுவாய் என்ற கணக்கு பாதி. அந்த இரண்டாவது பாதியை எழுதத்தான் இந்தக் கை இவ்வளவு நேரம் இழுத்தது. நீ விட்டாய். சிநேகிதனிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். காரைப் பட்டறையின் பின்பக்கம் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினாய். நான் ஜெயித்தவன் மாதிரி நடந்தேன். நிச்சயப் பந்தியில் பேசியது அந்தத் திமிரில்தான். ஒரு பொய்யைத் தனியாகச் சுமப்பதைவிடக் கூட்டத்துக்குப் பங்கு வைத்துவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. குறையவில்லை.

கல்யாணம் முடிந்து நீங்கள் பெங்களூர் போனபின் ஒருநாள் போன் செய்தாய். "அந்தக் கார யாராச்சும் கேட்டா குடுத்துருங்கப்பா. எனக்கு அந்த வேல வராதுன்னு தெரிஞ்சு போச்சுங்க" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உனக்கு வரக்கூடிய ஒரு வேலையை வராது என்று உன்னையே நம்ப வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தார்ப்பாயை எடுத்தேன். டேஷ்போர்டில் உன் நோட்டு இருந்தது. எழுத்து புரிந்தது, கணக்கு புரியவில்லை. அந்த வாரம் உன் பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கணக்கு டீச்சராக இருந்தவள்தானே என்று கூப்பிட்டு நோட்டைக் கொடுத்தேன். பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தாள். "சரியாத்தானுங்க மாமா போட்டிருக்காரு. வேண்டியதுக்கு மேலயே தாங்குற மாதிரிதான் வெச்சிருக்காரு. அப்பறம் எப்படிங்க ஒடஞ்சுது?" என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன், பூஜை, எண்ணெய், மண்ணெண்ணெய், எல்லாம். சொன்னால் மருமகள் என்ன நினைப்பாளோ என்று பயந்தேன். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க மாமா ஆவப் போவுது? அன்னைக்குப் பந்தியில நானுந்தான் இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உன்னிடம் சொல்வதற்கு முன் ஒரு மாதம் தவணை கேட்டேன். கணக்கு சரி என்று காகிதம் சொன்னால் போதாது, இரும்பு சொல்ல வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

ஓசூர்க்காரனையே வரச் சொன்னேன். அவனிடமும் சொன்னேன். "ஏனுங்க மாமா, லாரி வேல வேறன்னு அன்னைக்கே சொன்னனே" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் அது பெரிய சாதனை. வேறு ஒரு காரிலிருந்து கழற்றிய பெட்டியும் ஷாஃப்ட்டும் அவன் கொண்டுவந்தான், அந்தத் தண்ணீர் மாதிரி எண்ணெயையும் கொண்டுவந்தான். அதை ஊற்றும்போது என் கை கூசியது என்பது உண்மை. நான்கு டயரின் சுற்றளவையும் நூல் பிடித்து அளந்தோம், ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறினாலும் அந்தப் பெட்டிக்கு ஆகாதாம். உன் டர்போவைத் தொடவில்லை. எஞ்சின் கணக்கில் ஒரு எண்ணை மாற்றவில்லை. நீ வைத்த முழு பவரில் ஓட்டினேன். சேலம் பக்கமிருந்து தொப்பூர் ஏற்றத்தை மிதித்து ஏறினேன். சித்தேரி மலை வளைவுகளில் முழுசாக ஒடித்துத் திருப்பினேன். தீர்த்தமலைக்கு உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, "சாமிய இங்கியே பாத்துட்டேன், மெதுவாப் போங்க" என்று கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கும் உதறவில்லை, எதுவும் உடையவில்லை. இன்று காலை எண்ணெயைப் பார்த்தேன், பெட்டியைப் பிரித்துத் தட்டுகளையும் பார்த்தேன். புதிதாகப் போட்டது போலவே இருக்கின்றன. உன் கணக்கு சரி, தம்பி. அன்றும் சரியாகத்தான் இருந்தது.

புத்தி சொல்லாமல் முடித்தால் நான் எழுதியதாகவே நீ நம்ப மாட்டாய். எது கெட்டாலும் முதலில் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வது உன் அம்மாவின் குணம், அது உனக்கு வந்திருக்கிறது. முதலில் அடுத்தவனைச் சொல்வது என் குணம். இரண்டுமே எண்ணெயை மோந்து பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிற குணம்தான். உன் வண்டியை யார் தொட்டிருந்தாலும் சந்தேகப்படு, அப்பனாக இருந்தாலும். நேராகக் கேள். கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைக்காதே. நீ அன்று என் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும், அது எனக்கு வராது, முகத்தில் தெரிந்துவிடும்.

இதற்காக எல்லாவற்றிலும் நான் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தச் சைலன்ஸர் சத்தம் அநியாயம். வண்டியை அவ்வளவு தாழ்த்தியதும் தப்பு, பாப்பிரெட்டிப்பட்டி வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி உரசியது, இறங்கி நடந்துவிடலாம் என்று இருந்தது. வாங்குவதற்கு முன் என்னைக் கேட்காததும் தப்புதான்.

காரை விலைக்குக் கேட்டு ஒருவர் வியாழக்கிழமை வருகிறார். ஓசூரில் பார்த்த அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், உன் சிநேகிதன் இன்னும் தனியாகத்தான் இருக்கிறான், கேட்டுவிட்டேன். இதை வைத்து உன்னைத் தள்ளுகிறேன் என்று எண்ணாதே. முன்பு வேண்டாம் என்று நீ சொன்னது என் பொய்யை நம்பிச் சொன்னது. அந்தப் பொய்யை இப்போது எடுத்துவிட்டேன். உண்மையைத் தெரிந்துகொண்டு யோசித்து, கம்பெனி வேலையே போதும் என்று சொன்னாலும் சரி, ஓசூர் என்று சொன்னாலும் சரி. வியாழக்கிழமைக்குள் போன் செய். நீ சொல்வதைச் செய்கிறேன். மறுபேச்சு பேச மாட்டேன். இந்தக் கடைசி வரியை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நம்பாமல் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்துவிட்டேன்.

அப்பா